மூடி இறங்கினால் மட்டும் கசிந்த காஸ்: வீட்டு பீர் கெக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கெக் என்ற பீர்ப் பாத்திரத்துக்குக் காஸ் தரும் சிலிண்டரில் 5 பவுண்டு கார்பன் டை ஆக்ஸைடு, அதாவது ஏறத்தாழ 2.27 கிலோ, பத்து நாள் தாண்டவில்லை. நிரப்பிக் கொண்டுவந்து மாட்டினால் அடுத்த முறையும் அதே கதை. அமெரிக்காவின் மினசோட்டாவில் வீட்டு அடித்தளத்தில் பீர் காய்ச்சும் நண்பர் ஒருவர் இந்தச் சிக்கலோடு என்னைக் கூப்பிட்டார். அதற்குள் அவர், சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரைப் புதிதாக வாங்கியிருந்தார். மூன்று கெக்கிலும் ஓ-ரிங்குகள் (காஸ் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) அத்தனையையும் மாற்றியிருந்தார். சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஒரு பாட்டிலே தீர்ந்திருந்தது. எங்கேயும் ஒரு குமிழ் வரவில்லை.

குளிர்சாதனங்களில் கசிவு தேடுவது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் "எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இன்னும் போகிறது" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே ஒரு சந்தேகம் வரும்: கசிவு நடக்கும் நிலையில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. இங்கேயும் அதுதான் நடந்திருந்தது. ஆனால் அந்த முடிவுக்கு வர உள்ளுணர்வு தேவைப்படவில்லை, ஒரு சின்னக் கணக்கு போதுமாக இருந்தது.

அமைப்பு

மூன்றும் 5 கேலன் கார்னி கெக்குகள், நம் கணக்கில் 19 லிட்டர். துருப்பிடிக்காத எஃகு, மேலே நீள்வட்ட மூடி, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முனை: ஒன்று காஸ் உள்ளே போக, இன்னொன்று பீர் வெளியே வர. இவை பீருக்காகச் செய்த பாத்திரங்கள் அல்ல. குளிர்பானக் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்தியவை. பெப்சி பக்கம் பந்துப் பூட்டு, கோக் பக்கம் ஊசிப் பூட்டு என்று இரண்டு வகை. கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பை என்ற முறைக்கு மாறிய பிறகு பழைய கெக்குகள் மலிவாக வீட்டுக்காரர்கள் கைக்கு வந்தன. வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய அரசு அனுமதித்த சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்டிருந்ததால் வாங்க ஆள் இருந்தது. நண்பரிடம் இருப்பவை பந்துப் பூட்டு வகை, எல்லாமே பழசு.

கெக்குகள் ஒரு பெட்டி ஃப்ரீசருக்குள் நிற்கின்றன. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உள்ளே 38 டிகிரி ஃபாரன்ஹீட்டை (சுமார் 3 டிகிரி செல்சியஸ்) வைத்திருக்கிறது. ஃப்ரீசரின் உடலுக்கும் மூடிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்று அடித்து, அதில் பீர்க் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார். சட்டம் மூடியோடு சேர்ந்து மேலே எழும்பும். ஒரு காஸ் குழாயை நான்காகப் பிரிக்கும் மேனிஃபோல்டும் அதே சட்டத்தில்தான் திருகப்பட்டிருக்கிறது. சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஃப்ரீசருக்கு வெளியே. இந்த விவரம் பின்னால் வேண்டியிருக்கும்.

ஃப்ரீசரின் ஒரு ஓரத்தில் கம்ப்ரஸருக்காக ஒரு மேடு உண்டு. மூன்றாவது கெக் தரையில் இடமில்லாமல் அந்த மேட்டின் மேல் நிற்கிறது.

கேஜ் சொன்ன பொய்

"அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் சிலிண்டர் முள்ளு 800லயே நின்னுச்சு. காலையில பார்த்தா சைபர். ராத்திரி ஏதோ தெறிச்சிருக்கு" என்றார். இந்தத் தப்பு மிகச் சாதாரணம், கெக் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் இதில் விழுகிறார்கள்.

சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்ஸைடு திரவமாக இருக்கிறது. திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை மேலே உள்ள வாயுவின் அழுத்தத்தை வெப்பநிலைதான் தீர்மானிக்கும். அறை வெப்பத்தில் 800 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) பக்கத்தில் நிற்கும். அதே சிலிண்டரை ஃப்ரீசருக்குள் வைத்திருந்தால் 550 அளவில் காட்டும், காஸ் கொஞ்சமும் குறையாமலே. திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்கத் தொடங்கும், அப்புறம் வேகமாக விழும். ஆக, பத்து நாளாகச் சீராகக் கசிந்தாலும் கேஜில் அது ஒரே ராத்திரிச் சமாசாரமாகத் தெரியும். நண்பர் அந்த ஒரு ராத்திரியில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் எடைதான் போட வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் தோள்பகுதியில் டி.டபிள்யூ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் உள்ளே இருப்பது. பார்சல் எடை போடும் மின்தராசு ஒன்றை வாங்கச் சொன்னேன், 5 கிராம் வரை காட்டுவது. சிலிண்டரை அதன் மேலேயே நிறுத்தி, சாயாமல் சுவரோடு தளர்வாகச் சங்கிலி போட்டுவிட்டோம். இந்தத் தேடலில் பயன்பட்ட ஒரே புதுச் செலவு அதுதான்.

பத்து நாள் கணக்கு

நொதித்து முடித்த பீரில் ஏற்கெனவே கொஞ்சம் காஸ் கரைந்திருக்கும். அறை வெப்பத்தில் நொதித்ததானால் ஒரு லிட்டர் பீருக்கு 0.85 லிட்டர் அளவு. அதை வழக்கமான 2.5க்கு உயர்த்த 19 லிட்டர் கெக்குக்கு 60 கிராம் போதும். கெக் காலியாகும்வரை பீரைத் தள்ளி வெளியேற்ற இன்னொரு 65 கிராம். கெக்கிலுள்ள காற்றை வெளியேற்றுவதில் வீணாவதையும் சேர்த்துத் தாராளமாக 150 கிராம் என்று வையுங்கள். அந்தக் கணக்கில் 5 பவுண்டுச் சிலிண்டர் ஒன்று 15 கெக்குக்குத் தாங்க வேண்டும்.

நண்பர் புதிதாகப் பீர் நிரப்பிய மூன்று கெக்குகளுக்குக் காஸ் ஏற்றி, அதில் கொஞ்சம் குடித்தும் இருந்தார். நியாயமான செலவு 200 கிராமுக்குச் சற்று மேல் போகலாம். மீதி 2 கிலோவுக்கு மேல் காற்றோடு போயிருக்கிறது. பத்து நாளில் 2 கிலோ என்றால் நிமிடத்துக்கு 75 மில்லிலிட்டர். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சோப்புக் குமிழாக அதை ஊதினால் வினாடிக்கு ஏறத்தாழ 20 குமிழ் வர வேண்டும்.

இப்படிப்பட்ட கசிவு சோப்புத் தண்ணீருக்கு ஒளியாது. நுரை பொங்கும், காதை வைத்தால் சீறலே கேட்கும். ஒளிந்து கிடக்கும் கசிவு என்றால் நிமிடத்துக்கு ஒரு மில்லி, அரை மில்லி என்று போகும். அதற்கு ஒரு சிலிண்டர் இரண்டு வருடம் வரும். அப்படியானால் சோப்பு தெளித்த நேரத்தில் அந்த இடம் கசியவில்லை. பார்க்கும்போது நின்று, பார்க்காதபோது ஓடுகிறது.

எப்படித் தெளித்தார் என்று கேட்டேன். ஃப்ரீசரைத் திறந்து, கெக்கைத் தூக்கித் தரையில் வைத்து, "நல்லாத் தெரியட்டும்னு" அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்கு ஏற்றி, பொறுமையாக ஒவ்வொரு முனையாகத் தெளித்திருக்கிறார். மனசாட்சியோடு செய்த சோதனைதான். ஆனால் கசிவு நடக்கும் நிலையில் இருந்து மூன்றை மாற்றிவிட்டார்: மூடி திறந்திருக்கிறது, குழாய் நேராகிவிட்டது, அழுத்தம் மூன்று மடங்காகிவிட்டது.

அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னார். காலையில் ஃப்ரீசரைத் திறந்து குனிந்தால் மூக்கு சுள்ளென்று எரிகிறதாம். குளிர் என்று நினைத்திருந்தார். கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. பெட்டி ஃப்ரீசர் மேல்பக்கம் திறப்பதால் அது உள்ளேயே தேங்கி நிற்கும். மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகும்போதுதான் அந்த எரிச்சல். ஆக, கசிவு ஃப்ரீசருக்கு உள்ளே. புது ரெகுலேட்டர், சிலிண்டர் வாயில் உள்ள வாஷர் என்று வெளியே இருக்கும் எதுவும் இதில் சம்பந்தப்படவில்லை. பழைய ரெகுலேட்டரும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

திறந்தும் மூடியும்

அழுத்தம் 11 பிஎஸ்ஐயில் இருக்க, எதையும் தொடாமல் இரவு முழுக்க விட்டோம். 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவே தராசில் 70 கிராம் குறைந்தது. இது பத்து நாள் கணக்கோடு நன்றாகப் பொருந்துகிறது. இந்தச் சோதனையைக் காஸ் ஏறி முடித்த பீரில்தான் செய்ய வேண்டும். புதிதாக ஊற்றிய பீர் பல நாள் காஸைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதைக் கசிவென்று நினைத்து நல்ல கெக்கைப் பிரித்தவர்கள் நிறையப் பேர். 38 டிகிரியில் 11 பிஎஸ்ஐ என்பது 2.5 அளவுக்கான சமநிலை. அங்கே வந்து நின்ற பீர் அதற்கு மேல் எடுக்காது.

பகலில் ஃப்ரீசர் மூடியைத் தூக்கிக் கட்டை கொடுத்து 4 மணி நேரம் விட்டோம், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்க. தராசு 5 கிராம் குறைவைக் காட்டுவதா வேண்டாமா என்று தடுமாறியது. மூடியை இறக்கி அடுத்த 4 மணி நேரம்: 35 கிராம்.

நண்பர் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடியை மூடினால் காஸ் எப்படிக் கசியும்?

எந்தக் கெக் என்று பார்ப்பது எளிதாக இருந்தது. சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, ஃப்ரீசர் மூடியையும் இறக்கிவிட்டு, வெளியே இருக்கும் ரெகுலேட்டரின் குறைந்த அழுத்த முள்ளைப் பார்த்தோம். கால்மணி நேரத்துக்குள் 11இல் இருந்து 7க்கு வந்தது. மேனிஃபோல்டின் கிளைகளில் ஒவ்வொன்றாக அடைத்து, ஒவ்வொரு முறையும் அழுத்தத்தை மறுபடி ஏற்றி, மூடியை இறக்கிக் காத்திருந்தோம். முதல் கிளை அடைத்தபோதும் முள் இறங்கியது. இரண்டாவது கிளைக்கும் அப்படியே. மூன்றாவதை அடைத்ததும் முள் கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. மேட்டின் மேல் நிற்கும் கெக்.

கிளைகளில் எதிர்திசை ஓட்டத்தைத் தடுக்கும் வால்வு இருப்பதால்தான் இந்த முறை தெளிவாக வேலை செய்தது. அது இல்லாத மேனிஃபோல்டில் ஒரு கெக்கின் காஸ் இன்னொன்றுக்குப் போய்க் குழப்பும். அங்கே கெக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

காரணம் மூடியைத் திறந்து பார்த்தபோதே கண்ணில் பட்டிருக்க வேண்டியது, ஆனால் திறந்து பார்த்தால் தெரியாது. மூடி எழும்போது மேனிஃபோல்டும் எழும், குழாய்கள் நேராகத் தொங்கும். மூடி இறங்கும்போது மேனிஃபோல்டு இறங்கி, குழாய்கள் வளைந்து மடியும். மேட்டின் மேல் நிற்கும் கெக் மற்றவற்றைவிட உயரம், குழாய் மடிய அங்கே இடமே இல்லை. தடித்த வினைல் குழாய் வேறு, குளிரில் விறைத்துக் கட்டையாகிவிடும். அது கெக்கின் காஸ் முனையில் மாட்டியிருக்கும் இணைப்பைப் பக்கவாட்டில் நெம்பியது. முனையைச் சுற்றியுள்ள ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்க, மறுபக்கம் பிளவு.

உறுதிப்படுத்த மூடியைத் திறந்து வைத்தபடியே, குழாயைக் கையால் அதே திசையில் அழுத்திப் பிடித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். இணைப்பின் அடியில் நுரை குபுகுபுவென்று பொங்கியது. கையை விட்டால் நின்றது. அழுத்தினால் பொங்கியது. நண்பர் இதை நாலைந்து முறை செய்து பார்த்தார். அவருக்கு அது தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஓ-ரிங்கைப் புதிதாக மாற்றியும் ஏன் பயனில்லை என்பதும் இதில் விளங்குகிறது. புது வளையமும் அதே நெம்பலுக்குத்தான் போயிற்று. கழற்றிப் பார்த்தபோது சில வாரம்கூடப் பழகாத வளையம் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது.

சரிசெய்தது சுருக்கம்: மேனிஃபோல்டைச் சட்டத்தில் மேட்டுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்தினோம், மூன்று கிளைக்கும் நீளமான, மெல்லிய, வளையக்கூடிய குழாய் போட்டோம், மேட்டுக் கெக்குக்கு மட்டும் சுழலும் முழங்கை இணைப்பு. பழைய திருகுக் கிளாம்புகள் மெல்லிய குழாயில் ஒரே சீராக இறுகாது, அதனால் அழுத்திப் பொருத்தும் காது கிளாம்புகள்.

மிச்சம் 30 கிராம்

பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். பெரிய கசிவு போய்விட்டது, சிலிண்டர் இப்போது இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும், போதாதா? போதாது. 24 மணி நேரத்தில் தராசு இன்னும் 30 கிராம் குறைந்தது. முன்பு மூடியைத் திறந்து வைத்த 4 மணி நேரத்தில் தராசு தடுமாறியதே, அது இந்த மிச்சம்தான்.

இது இரண்டாவது கெக். இங்கே நண்பரின் 30 பிஎஸ்ஐ சோதனைதான் வழியைக் கெடுத்தது. கார்னி கெக்கின் மூடி, உள்ளே நுழைத்து மாட்டும் குக்கர் மூடியைப் போல, உள்பக்கமிருந்து விளிம்பில் அழுந்துவது. கம்பி நெம்புகோல் முதல் பிடியை மட்டும் தருகிறது. மற்றதை உள் அழுத்தமே செய்துகொள்ளும். அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும். அதனால் மூடியில் இருக்கும் கசிவை அழுத்தம் ஏற்றித் தேடினால் அது ஓடி ஒளியும். குறைத்துத்தான் தேட வேண்டும்: 5 பிஎஸ்ஐ, முடிந்தால் 3. மற்ற இணைப்புகளுக்கு நேர் எதிர், அங்கே 30 நல்ல யோசனைதான்.

5 பிஎஸ்ஐக்கு இறக்கித் தெளித்ததும் மூடியின் ஓரத்தில், நீள்வட்டத்தின் குறுகிய வளைவில், சின்னக் குமிழ்கள் வரிசையாக வந்தன. மூடியை எடுத்துவிட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்த்தால் நகம் சிக்கும் ஒரு சிறு நெளிசல். பழைய குளிர்பான லாரியில் எந்தக் காலத்தில் பட்ட அடியோ. கிட்டோடு வந்த கடினமான கறுப்பு ரப்பர் வளையம் அந்த நெளிவை நிரப்பவில்லை, குளிரில் இன்னும் நிரப்பாது. தடிமனான மெத்தென்ற சிலிகோன் வளையம், உணவுக்கு உகந்த சிலிகோன் பசை மெல்லிசாக ஒரு பூச்சு, மூடியை 180 டிகிரி திருப்பிப் போடுதல், 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை உட்காரவைத்து அப்புறம் 11க்கு இறக்குதல். இவ்வளவும் செய்த பிறகு தராசு ஒரு நாள் முழுக்க அசையவில்லை.

சோதனைக்குப் பாத்திரம் கழுவும் சோப்பைப் பயன்படுத்தினால் வெளியே மட்டும் தெளித்து நன்றாகக் கழுவிவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போனாலும் பீரில் நுரை நிற்காது. காய்ச்சுபவர்களிடம் இருக்கும் நுரைக்கும் கிருமிநாசினிக் கரைசலே குமிழ் காட்டும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெளியே கசியாமலே தொல்லை தரும் ஓ-ரிங் ஒன்றும் உண்டு, இந்த வீட்டில் அது நன்றாகத்தான் இருந்தது. பீர் வெளிவரும் நீள்குழாயின் தலையில் இருப்பது. அது போனால் மேலே உள்ள காஸ் நேராகப் பீர்ப் பாதைக்குள் புகுந்து குழாயில் நுரையாகவே வரும். சிலிண்டர் எடையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. எந்த முனையைக் கழற்றுவதானாலும் முதலில் கெக் மூடியில் உள்ள வால்வைத் தூக்கி அழுத்தத்தை முழுதும் விட்டுவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விட முடியாது, அழுத்தத்தோடு கழன்ற முனை முகத்தைத் தேடித்தான் வரும்.

அடித்தளத்து அறை

கசிவு கண்டுபிடிக்கும்வரை சிலிண்டர் வால்வை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறக்கச் சொல்லியிருந்தேன். காசை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. ஃப்ரீசர் இருக்கும் அறை 2.5க்கு 3 மீட்டர், உயரம் 2.3 மீட்டர். கொள்ளளவு 17 கன மீட்டர். 2.27 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வாயுவானால் 1.2 கன மீட்டருக்கு மேல். மெதுவாகக் கசிந்தால் கதவிடுக்கில் போய்விடும். ஆனால் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்டு மொத்தமும் ஒரே நேரத்தில் வெளியேறினால், கதவு சாத்திய அந்த அறையில் 7 சதவீதம். அமெரிக்காவில் வேலையிடத்தில் 8 மணி நேரத்துக்கு அனுமதித்த வரம்பு 0.5 சதவீதம். 4 சதவீதத்தை உயிருக்கு உடனடி ஆபத்து என்று அங்கே வகுத்திருக்கிறார்கள். வாயு கனமானது, தரையோடு தேங்கும். குழந்தைகள் விளையாடும் உயரம் அது.

அடித்தளத்தில் ஏற்கெனவே அலாரம் இருக்கிறது என்று நண்பர் காட்டினார். அது கார்பன் மோனாக்ஸைடுக்கானது, ஹீட்டருக்காக வைத்தது. கார்பன் டை ஆக்ஸைடை அது அறியாது. தனியாக ஒரு கார்பன் டை ஆக்ஸைடு அலாரம் வாங்கி, முழங்கால் உயரத்தில் மாட்டினார்.

இப்போது

நிரப்பி வந்த நாளின் எடையைச் சிலிண்டரில் ஒட்டிய நாடாவில் எழுதி வைக்கிறார். புதுக் கெக் ஏற்றும்போதெல்லாம் ஒரு வரி கூடுகிறது. ஒரு கெக்குக்கு 130, 140 கிராம் என்று எழுதியிருப்பது கணக்கோடு ஒத்துப்போகிறது.

நெளிந்த விளிம்புள்ள இரண்டாவது கெக் மட்டும் முழுதாகத் தேறவில்லை. 11 பிஎஸ்ஐயில் அசையாமல் நிற்கிறது, ஆனால் மூடியைத் திறந்து கழுவி மறுபடி மாட்டி 5 பிஎஸ்ஐயில் சோதித்தால் அதே வளைவில் ஒன்றிரண்டு குமிழ் இன்னும் வருகிறது. விளிம்பைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்டார். 130 பிஎஸ்ஐ வரை தாங்கும் என்று பக்கத்தில் பொறித்த பாத்திரத்தில் அந்த வேலை வேண்டாம் என்றேன். அதைச் சோடாத் தண்ணீருக்கு ஒதுக்கிவிடுவதாகத் திட்டம். சோடாவுக்கு எப்படியும் 30 பிஎஸ்ஐ வேண்டும், அந்த அழுத்தத்தில் மூடி தானாக இறுகிக்கொள்ளும். அதற்குப் பீர் வரிசையில் இருந்து பிரித்துத் தனிக் காஸ் இணைப்பு கொடுக்க வேண்டும், அது இன்னும் பாக்கி.